போர் நினைவு மணி வார்ப்பது எப்படி: உலோகம் சேர்ப்பதில் இருந்து முதல் அடி வரை

போரில் இறந்தவர்களின் நினைவாக ஒரு பெரிய வெண்கல மணி வார்க்கலாம் என்று நாலு பேர் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால், முதல் கூட்டத்திலேயே இரண்டு ஆசைகள் வந்துவிடும். பழைய பீரங்கி, தோட்டா உறை, பதக்கம் எல்லாவற்றையும் உருக்கி மணிக்குள் சேர்க்க வேண்டும் என்பது ஒன்று. அடுத்த நினைவு நாளுக்குள் மணி ஒலித்தாக வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டுமே நியாயமான ஆசைகள்தான், ஆனால் ஒரு மணியைக் கெடுக்க இந்த இரண்டுமே போதும். இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: நினைவைச் சுமக்க மணியின் மேற்பரப்பு இருக்கிறது, அதை அடிக்கும் முறை இருக்கிறது, உள்ளே ஓடும் உலோகத்தை மட்டும் உலோகத்தின் கணக்குப்படி விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். சில நூறு கிலோவுக்கு மேல் போகும் மணியை நாமே முயன்று பார்க்கக் கூடாது. மணி வார்த்துப் பழகிய பட்டறையிடம்தான் கொடுக்க வேண்டும், அதுவும் சிலை வார்க்கும் பட்டறை வேறு, மணி வார்க்கும் பட்டறை வேறு. சிலை பார்வைக்குச் சரியாக வந்தால் போதும், மணிக்கு அது போதாது. அப்படியென்றால் ஒவ்வொரு படியையும் நீங்கள் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? பட்டறைக்காரர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், ஊற்றிய பிறகு எதையும் மாற்ற முடியாது என்பதால்.

அளவும் சுருதியும்

முதலில் எவ்வளவு பெரிய மணி என்று முடிவு செய்யுங்கள். மணியின் எடை அதன் வாய் விட்டத்தின் கன மடங்கில் ஏறும், சுருதி விட்டத்துக்கு எதிர்விகிதத்தில் இறங்கும். ஒரு மீட்டர் விட்டமுள்ள மணி சுமார் 600 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதே வடிவத்தில் இரண்டு மீட்டர் மணி கிட்டத்தட்ட 5 டன் வந்துவிடும், ஒலியோ சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். ஒன்றரை மீட்டர் என்றால் 2 டன் சுமார். ஒரு திறந்தவெளி நினைவிடத்துக்கு என்னைக் கேட்டால் ஒன்றரை மீட்டர் நல்ல அளவு: குரலில் கனம் இருக்கும், தூக்குவதற்கும் தாங்குவதற்கும் ஆகும் செலவு கைமீறிப் போகாது.

மணி ஒரே சுருதியில் ஒலிப்பதில்லை. நன்றாக வார்த்துச் சுருதி சேர்த்த மணியை அடித்தால், காது கேட்கும் அடிச் சுருதியை ஸட்ஜம் என்று கொண்டால், அதற்குக் கீழே ஒரு மந்திர ஸட்ஜம் முனகிக்கொண்டே இருக்கும். மேலே சாதாரண காந்தாரம் (காந்தாரத்தின் தாழ்ந்த வடிவம்), பஞ்சமம், மேல் ஸட்ஜம் எல்லாம் சேர்ந்து வரும். அந்தச் சாதாரண காந்தாரம்தான் மணி ஓசைக்கு அந்தத் துயரச் சாயலைக் கொடுக்கிறது. அதைவிட உயர்ந்த அந்தர காந்தாரம் வரும்படி வடிவமைத்த மணிகளும் உண்டு, அவை வேறு குணம், வெளிச்சமாக ஒலிக்கும். நினைவு மணிக்கு எனக்குப் பழைய வடிவமே சரியாகப் படுகிறது.

இந்தச் சுருதிகள் எல்லாமே மணியின் பக்கவாட்டு வடிவத்தில் இருந்து வருகின்றன. நாக்கு வந்து மோதும் விளிம்புப் பகுதிதான் மிகத் தடிமனான இடம், விட்டத்தில் சுமார் பதின்மூன்றில் ஒரு பங்கு இருக்கும். மேலே இடுப்புப் பகுதி அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மெலிந்துவிடும். அழகுக்காக இந்த வடிவத்தை மாற்றச் சொல்லி யாராவது ஒரு ஓவியத்தைக் கொண்டுவந்தால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

உலோகம்: எது சேரும், எது சேராது

மணி வெண்கலம் என்பது சுமார் 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். சிலைக்கும் இயந்திர பாகத்துக்கும் 10 அல்லது 12 பங்கு வெள்ளீயம் போதும். மணிக்கு இவ்வளவு எதற்கு என்றால், வெள்ளீயம் ஏற ஏற உலோகம் கடினமாகி, உள்ளே அதிர்வு அடங்க நேரமாகும், அதாவது ஓசை நீளும். அதற்கு நாம் கொடுக்கும் விலை, உலோகம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது. 25 பங்கைத் தாண்டினால் விரிசல் விடும் ஆபத்து அதிகம், 18 பங்குக்குக் கீழே போனால் குரல் மங்கும். இந்தக் குறுகிய இடைவெளிக்குள்தான் மணிகள் வாழ்கின்றன.

இப்போது பீரங்கிக்கு வருவோம். பழைய வெண்கலப் பீரங்கி ஏறத்தாழ 90க்கு 10. அது மணிக்கு நல்ல மூலப்பொருள், வெள்ளீயம் மட்டும்தான் குறைவு. கணக்கைப் பாருங்கள்: 1000 கிலோ பீரங்கி வெண்கலத்தில் 900 கிலோ செம்பு இருக்கிறது. அந்த 900 கிலோ மொத்தத்தில் 78 பங்காக வேண்டுமென்றால் மொத்தம் சுமார் 1154 கிலோ ஆக வேண்டும், அதாவது ஏற்கெனவே உள்ள 100 கிலோவோடு இன்னும் 154 கிலோ சுத்தமான வெள்ளீயம் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். இத்தாலியில் ரோவெரெத்தோ நகரின் மரியா தோலென்ஸ் மணி இப்படித்தான் முதல் உலகப் போரில் ஈடுபட்ட 19 நாடுகளின் பீரங்கி வெண்கலத்தைச் சேர்த்து 1924இல் வார்க்கப்பட்டது. எதிரெதிரே நின்று சுட்ட பீரங்கிகள் ஒரே உலையில் உருகின. இதற்கு நேர்மாறான கதையும் இருக்கிறது: இரண்டாம் உலகப் போரில் நாஜி ஜெர்மனி ஐரோப்பா முழுவதும் கோபுரங்களில் இருந்து ஏறத்தாழ 1,75,000 மணிகளை இறக்கியது, அவற்றில் பெரும்பகுதி செம்புக்காகவும் வெள்ளீயத்துக்காகவும் உருக்கப்பட்டது. போருக்கும் மணிக்கும் இருக்கும் இந்த உறவு தெரிந்தவர்களுக்குப் பீரங்கியை உருக்க வேண்டும் என்ற ஆசை ஏன் இவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று விளக்கத் தேவையில்லை.

ஆனால் தோட்டா உறை அப்படி இல்லை. அது பித்தளை: 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். துத்தநாகம் சுமார் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும், உலையோ அதற்கு மேலே இருக்கும். அடர்ந்த வெள்ளைப் புகையாகக் கிளம்பும், அதைச் சுவாசித்தவர்களுக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். ஆவியாகாமல் தங்கிய துத்தநாகம் மணியின் குரலை அமுக்கிவிடும். காரீயமும் அப்படித்தான், ஒன்றிரண்டு சதவீதத்தைத் தாண்டினால் ஓசை மழுங்கும். பதக்கங்கள் என்ன உலோகம் என்பது பதக்கத்துக்குப் பதக்கம் மாறும்.

எனவே நடைமுறையில் நான் சொல்வது இதுதான். பீரங்கி வெண்கலம் கிடைத்தால் பகுப்பாய்வு செய்து பார்த்துவிட்டுத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். குடும்பங்கள் கொண்டுவரும் சின்னச் சின்னப் பித்தளைப் பொருள்களில் அடையாளமாக ஒரு பிடி மட்டும் சேர்க்கலாமா என்று பட்டறையைக் கேளுங்கள், 2 டன் கலவையில் ஒரு கிலோ பித்தளை எதையும் கெடுக்காது. மீதியைத் தனியாக உருக்கி நினைவிடத்தின் கதவுப் பிடியாகவோ பெயர்ப் பலகையாகவோ செய்யுங்கள், அங்கே அதற்கு முழு மரியாதை கிடைக்கும். கொடுத்தவர்களிடம் எது எங்கே போகிறது என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதில் எந்தத் தயவும் வேண்டாம்: வெடிக்காத தோட்டா, குண்டு, அதன் முனைப் பகுதி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத மூடிய உறை எதுவும் பட்டறை வாசலுக்கே வரக்கூடாது. நூறு வருடம் பழையது என்பதால் அது செத்துப்போனது என்று அர்த்தமில்லை. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் வெடிகுண்டு செயலிழப்பு நிபுணர்கள்.

பெயர்கள்

அச்சு போடுவதற்கு முன்பே எழுத வேண்டியது முடிவாகியிருக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் மணியின் இடுப்புச் சுற்றளவு சுமார் 2.7 மீட்டர்தான். இரண்டு சென்டிமீட்டர் உயர எழுத்தில் எழுதினால் நூற்றுச் சொச்சம் பெயர்கள் கொள்ளும். அதற்கு மேல் இருந்தால் மணியில் ஒரு வாசகம் மட்டும் போட்டு, பெயர்களைக் கல்லில் வெட்டுவதே நல்லது. பாதிப் பேரை மணியிலும் பாதிப் பேரைக் கல்லிலும் போடுவது மட்டும் வேண்டாம், எந்தக் குடும்பத்துக்கும் அதை விளக்க முடியாது. பதவி வரிசையும் வேண்டாம், அகர வரிசை போதும்.

எழுத்துப் பிழை பார்ப்பதை ஒருவரிடம் விடாதீர்கள். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டுப் பெயரைப் பார்த்துக் கையெழுத்திடட்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், ஆகட்டும். வெண்கலத்தில் புடைத்து நிற்கும் எழுத்தைச் செதுக்கி எடுக்கலாமே தவிர, விட்டுப்போன எழுத்தைச் சேர்க்க வழியில்லை. தமிழ் எழுத்துக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும்: புள்ளி, கொம்பு, சுழி இவை சின்னதாக இருந்தால் உலோகம் உள்ளே போகாமல் மொண்ணையாகிவிடும். புள்ளியைக் கொஞ்சம் பெரிதாகவே வையுங்கள், எழுத்தின் கோடுகளைத் தடிமனாக்குங்கள், 3 மில்லிமீட்டராவது புடைத்து நிற்கட்டும்.

நியூசிலாந்தில் வில்லியம் கொலென்ஸோ என்ற மதபோதகர் 1836இல் கண்டெடுத்த தமிழ் மணியைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்குள்ள பூர்வகுடிகளான மவோரி மக்கள் அதைச் சமையல் பாத்திரமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். விளிம்பு உடைந்துபோய்விட்டது, ஆனால் முகையிதீன் வக்குசு என்பவருடைய கப்பல் மணி என்ற எழுத்து இன்றும் படிக்க முடிகிறது. விளிம்பு போயும் பெயர் நின்றதற்குக் காரணம், எழுத்து அடி விழும் விளிம்பில் இல்லாமல் மேலே இருந்ததுதான். நீங்களும் விளிம்பில் எதையும் எழுத வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் கனமான சிற்பம் வைப்பதும் சரியில்லை. மணியின் சமச்சீர் குலைந்தால் ஒவ்வொரு சுருதியும் இரண்டாகப் பிரிந்து ஓசை அலைஅலையாக நடுங்கும்.

அச்சு

இதுதான் அதிக நாள் எடுக்கும் வேலை, வாரக்கணக்கில் போகும். செங்கல் அடுக்கி, உள்ளே நெருப்பு மூட்ட இடம் விட்டு, மேலே களிமண், மணல், குதிரைச் சாணம், ஆட்டுமயிர் கலந்த கலவையை அடுக்கடுக்காகப் பூசுவார்கள். நடுவில் ஒரு அச்சாணி, அதில் சுழலும் ஒரு மரப்பலகை. அந்தப் பலகையின் விளிம்பு மணியின் உட்புற வடிவத்தில் வெட்டியிருக்கும். பலகையைச் சுற்றச் சுற்ற ஈரமண் வழிக்கப்பட்டு உள் அச்சு உருவாகும். கடைசிப் பூச்சு சலித்த மண்ணில், நாலு விரலால் தடவினால் வழுக்கும் அளவுக்கு நைசாக இருக்கும்.

பழைய ஐரோப்பிய முறையில் இதன் மேல் களிமண்ணாலேயே ஒரு பொய் மணி செய்வார்கள். பலகையை மாற்றி, இப்போது வெளிப்புற வடிவம். அதன் மேல் பெயர்களையும் அலங்காரத்தையும் மெழுகில் செய்து ஒட்டி, அதற்கும் மேலே வெளி அச்சைப் பூசுவார்கள். உள்ளே நெருப்பு போட்டதும் மெழுகு உருகி ஓடி, எழுத்துகளின் பள்ளம் மட்டும் வெளி அச்சில் தங்கும். பிறகு வெளி அச்சைத் தூக்கி, பொய் மணியை உடைத்து அகற்றி, மறுபடி மூடினால் நடுவில் மணியின் வடிவத்தில் வெற்றிடம். வேறு சில பட்டறைகள் உள் அச்சையும் வெளி அச்சையும் தனித்தனியே செய்து, ஈரமான வெளி அச்சில் எழுத்துகளைத் தலைகீழாக, கண்ணாடிப் பிம்பமாக அழுத்துகின்றன. இந்த முறை என்றால் பிழை பார்க்கும்போது கையில் ஒரு கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள்.

சாணமும் மயிரும் எதற்கு என்று கேட்பார்கள். சூட்டில் அவை எரிந்து போய் மண்ணுக்குள் நுண்ணிய துளைகளை விட்டுச் செல்லும், வாயு அதன் வழியே வெளியேறும். அதைவிட முக்கியம், உள் அச்சு கொஞ்சம் நொறுங்கிக் கொடுக்கும். மணி ஆறும்போது சுருங்கும். நடுவில் இருப்பது பாறை போல நின்றால் மணி அதன் மேலேயே இறுகி வெடித்துவிடும்.

ஈரம்

அச்சில் ஈரம் மிச்சமிருந்தால் அது ஆளைக் கொல்லும். 1716இல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் பட்டறையில், பிரெஞ்சுக்காரரிடம் கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி மறுபடி வார்த்தபோது அச்சில் இருந்த ஈரம் நீராவியாகி வெடித்து 17 பேர் இறந்தார்கள். உலர்த்த நாள் கணக்கு பார்க்காதீர்கள். காற்றுத் துளைக்கு மேலே குளிர்ந்த கண்ணாடியையோ உலோகத் தகட்டையோ பிடித்துப் பாருங்கள், அது பனித்தால் இன்னும் உலரவில்லை. விழாத் தேதி அச்சடித்த அழைப்பிதழோடு யாரும் பட்டறையில் வந்து நிற்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். தேதியை மணி வந்த பிறகு வையுங்கள்.

உலர்ந்த அச்சைக் குழிக்குள் இறக்கி, சுற்றிலும் மண் போட்டு அடுக்கடுக்காக இடிப்பார்கள். உருகிய வெண்கலத்தின் அழுத்தம் வெளி அச்சைத் தூக்கப் பார்க்கும், அதைத் தாங்குவது இந்த மண்தான். வாய் கீழே இருக்கும்படி வைப்பது வழக்கம்: கசடும் குமிழியும் மேலே ஏறிவிடும், அடி வாங்கப்போகும் விளிம்பில் நெருக்கமான நல்ல உலோகம் நிற்கும்.

உருக்குவதும் ஊற்றுவதும்

மணியின் எடையைவிட 10 முதல் 15 சதவீதம் கூடுதலாக உருக்க வேண்டும், கால்வாயிலும், மணி ஆறிச் சுருங்கும்போது உலோகம் ஊட்ட மேலே நிற்கும் ஊட்டுத் தலையிலும் கொஞ்சம் போகும். முதலில் செம்பு, அல்லது பீரங்கி வெண்கலம். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், சீக்கிரம் போட்டால் காற்றோடு சேர்ந்து கசடாகிப் போகும், அதனால் கடைசியில்தான். போட்டு நன்றாகக் கிளறி, ஒரு சின்னக் கம்பியாக வார்த்து, ஆறவைத்து, உடைத்துப் பார்ப்பார்கள். உடைந்த முகம் சாம்பல் கலந்த நிறத்தில், நெருக்கமான நுண்மணிகளாக இருக்க வேண்டும். செம்பு நிறமாகத் தெரிந்தால் வெள்ளீயம் குறைவு. இன்று கருவியும் அதைச் சொல்லிவிடும், ஆனாலும் அந்தக் கம்பியை உடைக்கும் சத்தத்திலேயே பழகியவர்களுக்குப் பாதி தெரிந்துவிடும்.

ஊற்றும் சூடு 1100 டிகிரி அக்கம்பக்கம். அதிகமானால் வாயு சிக்கும், உலோகம் குமிழிகுமிழியாகப் பொரியும். குறைந்தால் எழுத்துகள் நிரம்பாது. ஆரம்பித்த பிறகு ஓட்டம் நிற்கவே கூடாது, நின்று மறுபடி தொடங்கினால் அந்த இடத்தில் இரண்டு உலோக அடுக்கும் ஒட்டாமல் ஒரு கோடு நின்றுவிடும். லண்டன் பிக் பென் மணி 13.7 டன், 1858இல் அதை ஊற்ற 20 நிமிடம் பிடித்தது. ஊற்றும்போது காற்றுத் துளைகளில் நீலமும் பச்சையுமாகத் தீ எரியும், அது நல்லது, வாயு வெளியேறுகிறது. குடும்பங்களை அழைத்திருந்தால் தள்ளி, தடுப்புக்குப் பின்னால் நிறுத்துங்கள். பேச்சு, பிரார்த்தனை எல்லாம் ஊற்றுவதற்கு முன்பே முடியட்டும். உலை திறந்த பிறகு பட்டறைத் தலைவரின் குரல் ஒன்றுதான் அங்கே கேட்க வேண்டும்.

அப்புறம் காத்திருப்பு. பிக் பென் ஆற 20 நாள் ஆயிற்று. 2 டன் மணிக்கும் பல நாள் ஆகும், குழியைச் சீக்கிரம் தோண்டவே கூடாது. தண்ணீர் ஊற்றுவதைப் பற்றி யாரும் யோசிக்கக்கூட வேண்டாம்: மாஸ்கோவின் ஜார் மணி, 200 டன், 1737 தீவிபத்தில் சூடேறியிருந்தபோது அதன் மேல் நீர் பட்டுப் பதினொன்றரை டன் துண்டு உடைந்து விழுந்தது. அந்த மணி ஒருமுறைகூட ஒலித்ததில்லை.

சுருதி சேர்ப்பது

சுத்தம் செய்த மணியைக் கவிழ்த்து, பெரிய லேத்தில் ஏற்றி, உள்பக்கத்தில் மட்டும் கடைவார்கள். உலோகத்தை எடுத்தால் சுருதி இறங்கும், எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது, எனவே வார்க்கும்போதே கொஞ்சம் தடிமனாக, சுருதி சற்று ஏறியபடி வார்ப்பார்கள். ஐந்து சுருதிகளையும் ஒவ்வொரு உயரத்தில் கடைந்து சரிசெய்வது மெதுவான வேலை. ஏற்பதற்கு முன் ஒவ்வொன்றின் அதிர்வெண்ணையும் பட்டறையிடம் எழுத்தில் வாங்குங்கள். மெருகேற்றிப் பளபளப்பாக்க வேண்டாம், காலப்போக்கில் வரும் பச்சைப் படலம் ஓசையைக் கெடுக்காது. தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் பெயர்கள்தான் தேயும்.

தொங்கவிடுவது

மணி ஆட வேண்டுமா, அசையாமல் நிற்க வேண்டுமா என்பது கட்டுமானச் செலவையே மாற்றும் கேள்வி. முழுச் சுற்று சுற்றும் மணி கீழே வரும்போது தன் எடையைப் போல நான்கு மடங்கு வரை இழுக்கும், பக்கவாட்டிலும் தள்ளும். நினைவிடத்துக்கு அசையாத மணியும் ஒரு சுத்தியலும் போதும். நாக்கோ சுத்தியலோ மணியைவிட மென்மையான இரும்பாக இருக்கட்டும், அடித்தவுடன் தானே விலகிவிட வேண்டும். நாக்கில் கயிறு கட்டி இழுத்து விளிம்போடு அழுத்திப் பிடிக்கும் பழக்கம்தான் பல பழைய மணிகளை உடைத்தது. கனமும் அப்படியே: பிக் பென் 1859இல் விரிசல் விட்டதற்கு அளவுக்கு மீறிய சுத்தியலே காரணம், மணியைத் திருப்பி, இலேசான சுத்தியல் பொருத்திய பிறகு இன்றுவரை அதே விரிசலோடு ஒலிக்கிறது. மணியின் தலையில் இரும்புக் கொக்கியை வார்ப்போடு பதிக்கவும் விடாதீர்கள், துரு பிடித்து வீங்கித் தலையைப் பிளக்கும். நடுத்துளை வழியே போல்ட், இடையில் மெத்தை, அது போதும்.

எப்படி அடிப்பது

இதைக் கடைசியில் யோசிக்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதுதான் மணியின் பாதி. ரோவெரெத்தோவில் தினமும் மாலையில் நூறு முறை அடிக்கிறார்கள். நினைவு நாளில் அடிக்கும்போது முன்னடியின் முனகல் அடங்கும்வரை பொறுத்து அடுத்ததை அடியுங்கள், பெரிய மணிக்கு அரை நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். இங்கிலாந்தில் நாக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் தோல் கட்டும் வழக்கம் இருக்கிறது: ஒரு அடி முழுதாக ஒலிக்கும், அடுத்தது தொலைவில் இருந்து வரும் எதிரொலி போல வரும். சுத்தியல் வைத்த மணியில் இரண்டாவதாக ஒரு தோல் சுத்தியல் வைத்தால் இதையே செய்யலாம். அருகில் நின்று அடிப்பவருக்குக் காது அடைப்பான் கட்டாயம்.

பராமரிப்புக்கான பணத்தைத் திறப்பு விழாவுக்கு முன்பே தனியாக ஒதுக்கிவிடுங்கள். போல்ட், மெத்தை, சுத்தியல் இவற்றை வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். பல பத்து வருடங்களில் அடி விழும் இடம் தட்டையாகத் தேயும். அப்போது மணியைக் கொஞ்சம் திருப்பி மாட்டினால் புதிய இடம் கிடைக்கும், அதற்கு ஏற்ற மாதிரி தொங்கும் அமைப்பை இப்போதே கேட்டு வாங்குங்கள். அப்படியும் ஒருநாள் உடைந்தால் வெண்கலம் வீணாகாது. மரியா தோலென்ஸ் 1939இல் மறுபடி வார்க்கப்பட்டது, 1960இல் விரிசல் விட்டது, 1964இல் மூன்றாம் முறை வார்க்கப்பட்டு இப்போது 22 டன்னுக்கு மேல் இருக்கிறது. ஆகவே மணியின் வரைபடம், உலோகப் பகுப்பாய்வு, பெயர்ப் பட்டியல் மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு, இரண்டு வெவ்வேறு இடங்களில் பத்திரப்படுத்துங்கள்.